வாசலில் நிற்கும் பணியாளனை நினைத்து உடை விதி எழுதுங்கள்

உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் தலைமையகங்களில் இருந்துகொண்டு சாப்பாட்டு அறைக்கு உடை விதி எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். கேட்டரிங் படித்துவிட்டு, உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்தின் கப்பல்களில் அசிஸ்டன்ட் வெயிட்டராகச் சேர்ந்து, ஹெட் வெயிட்டராக இருந்து வேலையை விட்டு இறங்கியவன். என் இளமையின் பெரும்பகுதி மெயின் டைனிங் ரூமிலும், அதற்குப் பின்னால் இருக்கும் சமையலறையிலும் கழிந்தது. நல்ல வேலை. வீடு கட்டினேன், தங்கையைக் கட்டிக்கொடுத்தேன். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. இந்த மடலைக் கோபத்தில் எழுதவில்லை. இன்றும் அதே வாசலில் நம் ஊர்ப் பையன்கள் நிற்கிறார்கள், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பையன்கள் நிற்கிறார்கள். அவர்கள் கான்ட்ராக்டில் இருக்கும்வரை வாய் திறக்க முடியாது. எனக்கு இப்போது அந்தத் தடை இல்லை.

உங்கள் உடை விதி கேபினுக்குத் தாளாக வந்தாலும், கைபேசிச் செயலியில் வந்தாலும் பெரும்பாலும் ஒரே வரிதான்: "இன்று இரவு ஃபார்மல்." கோட்டு, டை, கவுன் என்று விழாவுக்கு உரிய உடையில் வர வேண்டும் என்பது அதன் பொருள். அந்த வரியை எழுதியவருக்கு அத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஃபார்மல் நைட்டைப் பெரும்பாலும் முதல் கடல் நாளில் வைப்பீர்கள். அன்று கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. பயணிகள் கரைக்குப் போய்க் களைத்துத் திரும்புவதில்லை, குளித்து உடுத்த நேரம் இருக்கிறது. இது சரியான ஏற்பாடு. மாலை ஆறு மணி வாக்கில் முதல் பந்திக்குக் கதவு திறக்கும். வரிசையில் ஒரு பெரியவர் கறுப்பு டக்ஸீடோவில் நிற்கிறார், பக்கத்தில் அவர் மனைவி தரையைத் தொடும் கவுனில். அவர்களுக்கு முன்னால் ஒருவர் பல பைகள் வைத்த ஷார்ட்ஸும் தொப்பியுமாக, காலில் ரப்பர் செருப்போடு நிற்கிறார். ஷார்ட்ஸ் போட்டவரை நிறுத்தினால், "நானும் அதே காசுதான் கொடுத்தேன், இது என் விடுமுறை" என்பார். நிறுத்தாமல் விட்டால் டக்ஸீடோக்காரர் கேட்பார்: "அப்படியானால் நாங்கள் ஏன் இத்தனை துணியைப் பெட்டியில் சுமந்து வந்தோம்? விமானத்தில் 23 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் பணம் கட்டினோமே?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். ஒருவர் உங்கள் விளம்பரத்தில் வந்த நீச்சல் குளத்தை நம்பி வந்தார். இன்னொருவர் அதே விளம்பரத்தில் வந்த சரவிளக்குப் படிக்கட்டை நம்பி வந்தார். இரண்டையும் விற்றது நீங்கள். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் இருவருக்கும் முன்னால் நிற்பது, காலையில் பிரேக்ஃபாஸ்ட் பரிமாறி, மதியம் பஃபேயில் நின்று, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்த பணியாளன்.

அவன் எப்படிப்பட்ட நிலையில் அங்கே நிற்கிறான் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உங்கள் ஆவணங்களில் இது இருக்காது.

முதலாவது, அவனிடம் இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்று நீங்கள் எழுதியது: மாலையில் ஷார்ட்ஸ் கூடாது, தொப்பி கூடாது, கையில்லாத பனியன் கூடாது. இன்னொன்று கதவு திறப்பதற்கு முன் நடக்கும் சின்னக் கூட்டத்தில் வாய்மொழியாக வருவது: "பார்த்து அனுசரித்துப் போங்கள், யாரும் கெஸ்ட் சர்வீஸுக்குப் போய்ப் புகார் சொல்லும்படி வைத்துக்கொள்ள வேண்டாம்." எழுத்தில் கண்டிப்பு, வாயில் தளர்வு. எங்கள் கப்பலில் டைனிங் ரூமுக்கு இரண்டு தளங்களில் வாசல் இருந்தது. மேல் வாசலில் நிற்பவன் கறாரானவன் என்றால் கீழ் வாசலில் நிற்பவன் இளகினவன். மேலே திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம் படியிறங்கிக் கீழ் வாசல் வழியாக வந்து உட்கார்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மறுநாள் குளத்தங்கரையில் பயணிகள் பேசிக்கொள்வார்கள். "என்னை மட்டும் ஏன் நிறுத்தினார்கள்?" என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. அந்தக் கேள்விக்கு நிறம், நாடு, வயது என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பதிலைப் போட்டுக்கொள்கிறார்கள். சில சமயம் அந்தப் பதில் சரியாகவும் இருந்தது என்பதுதான் வேதனை.

இரண்டாவது, பணம். அமெரிக்கப் பயணிகளை நம்பி ஓடும் பெரிய கப்பல்களில் பெரும்பாலானவற்றில் வெயிட்டரின் வருமானத்தில் பெரும் பங்கு கிராஜுவிட்டியில், அதாவது பயணிகள் கொடுக்கும் டிப்ஸில் இருந்து வருகிறது. ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல் கணக்கில் தானாக ஏறுகிறது. பயணி விரும்பினால் கவுண்டருக்குப் போய் அதைக் குறைக்கலாம், முழுக்கவும் எடுத்துவிடலாம் என்ற வசதியைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. பயணம் முடிந்ததும் மதிப்பெண் போடும் படிவம் போகிறது. அதில் வரும் எண்கள் அடுத்த கான்ட்ராக்டையும் பதவி உயர்வையும் தொடுகின்றன. ஆக, யாருடைய மனநிறைவில் இருந்து அவன் சம்பளம் வருகிறதோ அவரைப் பார்த்து, "மன்னிக்கவும், நீங்கள் உள்ளே வர முடியாது" என்று சொல்லும் வேலையை அவனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். நிலத்தில் எந்த உணவகத்திலும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார், மறுபடி முகம் பார்க்க வேண்டியதில்லை. கப்பலில் அதே மனிதர் மறுநாள் காலையும் வருவார், அதற்கடுத்த ஆறு இரவும் வருவார், அதே மேசைக்கு.

மூன்றாவது, சோர்வு. 2006-இல் உருவாகி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வேலை நேரத்துக்கு மேல் எல்லையாக வைத்திருப்பது 24 மணி நேரத்தில் 14 மணி, ஏழு நாளில் 72 மணி. எல்லை என்பது எல்லை. ஆனால் அதற்குக் கிட்டத்தில் வேலை செய்து பழகிய எவருக்கும் தெரியும், ஒரு மனிதன் எந்த மணி நேரத்தில் வாதாடத் தகுதியோடு இருப்பான், எந்த மணி நேரத்தில் இருக்க மாட்டான் என்று. வாசலில் கண்ணீரோடு திரும்பிய பயணிகளைப் பற்றி உங்களுக்குக் கடிதங்கள் வந்திருக்கும். உள்ளே பாத்திரம் வைக்கும் இடத்துக்குப் பின்னால் போய் அழுத பையன்களைப் பற்றி வந்திருக்காது.

உங்களுக்கு முன்னால் இந்த விதிகளை எழுதியவர்கள் பயணியின் நிலைமையைத் தெரிந்தே எழுதினார்கள். பழைய அட்லாண்டிக் கப்பல்களின் முதல் வகுப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உடை மாற்றினார்கள், ஆனால் முதல் இரவும் கடைசி இரவும் மாற்ற வேண்டாம் என்பது வழக்கம். முதல் இரவு டிரங்குப் பெட்டிகளைப் பிரித்திருக்க மாட்டார்கள், கடைசி இரவு கட்டி முடித்திருப்பார்கள். பெட்டி எங்கே இருக்கிறது என்று யோசித்து எழுதப்பட்ட விதி அது. இன்றைக்கும் முதல் இரவில் பெட்டி கேபினுக்கு வரச் சில சமயம் இரவாகிறது, கடைசி இரவில் பெட்டியைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். அதனால்தான் அந்த இரண்டு இரவுகளும் எளிய உடைக்கு என்று இன்றும் பெரும்பாலான கப்பல்களில் இருக்கிறது. நூறாண்டு தாண்டியும் யாரும் அந்த வழக்கத்தோடு சண்டை போட்டதில்லை.

மற்றவர்கள் தங்களுக்கு ஏற்ற வழியைக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். 1840-இல் கடலில் இறங்கிய குனார்ட் நிறுவனம் தன் விதியைத் தளர்த்திப் பூசி மெழுகாமல் வெளிப்படையாக வைத்திருக்கிறது. குவீன் மேரி 2 கப்பல் சௌத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையில் ஏழு இரவு ஓடினால் வழக்கமாக இரண்டு இரவு "காலா ஈவினிங்", அவர்கள் ஃபார்மல் இரவுக்கு வைத்த பெயர். மாலை ஆறு மணிக்குப் பிறகு எப்படி உடுத்த வேண்டும், உடுத்த மனமில்லாதவர்கள் எந்தெந்த இடங்களில் உட்காரலாம் என்று முன்கூட்டியே பட்டியல் இருக்கிறது. பிடித்தவர்கள் அதற்காகவே ஏறுகிறார்கள், பிடிக்காதவர்கள் வேறு கப்பல் பார்க்கிறார்கள். இன்னொரு கரையில், 2000-ஆம் ஆண்டு ஸ்டார் குரூஸஸ் கைக்கு வந்த நார்வீஜியன் குரூஸ் லைன் அதே ஆண்டில் ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் கட்டாய ஃபார்மல் இரவையும் குறித்த மேசை நேரத்தையும் கைவிட்டது. செலிபிரிட்டி நிறுவனம் 2015-இல் ஃபார்மல் நைட்டை எடுத்துவிட்டு, கோட்டு கட்டாயமில்லாத வேறொரு மாலை ஏற்பாட்டுக்கு மாறியது. வைக்கிங் கப்பல்களில் ஃபார்மல் இரவே கிடையாது. இந்த இரண்டு வழிகளில் எதையும் நான் குறைசொல்ல மாட்டேன். பயணிக்கு ஏறும்போதே தெரிந்துவிடுகிறது.

சிக்கல் நடுவில் நிற்பவர்களிடம்தான். விளம்பரத்தில் "உங்கள் விருப்பம்போல இருங்கள்" என்கிறீர்கள். டிக்கெட் எடுத்தபின் அனுப்பும் பல பக்க ஆவணத்தில் எங்கோ ஒரு மூலையில் ஃபார்மல் நைட் வருகிறது. அந்த இரவை நீங்கள் ஏன் விடவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். படிக்கட்டில், நடைவழியில் எல்லாம் புகைப்படக்காரர்கள் திரைச்சீலை கட்டி நிற்பது அன்றைக்குத்தான். அந்தப் படங்கள் விலைக்கு விற்கப்படுகின்றன. கோட்டும் கவுனும் போட்டவர்கள்தான் படம் எடுத்துக்கொள்வார்கள். வியாபாரம் செய்வதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரவின் லாபம் உங்களுக்கு, அந்த இரவின் வசவு வாசலில் நிற்பவனுக்கு என்று பங்கு பிரித்திருப்பது நியாயமில்லை.

அதே இரவில்தான் மெயின் டைனிங் ரூமில் லாப்ஸ்டர் போடுவீர்கள். மாடியில் பஃபேக்குப் போகச் சொன்னால் பலர் கொதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். "துணிக்காக என்னை அனுப்புகிறாய், லாப்ஸ்டருக்கும் சேர்த்துத்தானே நான் பணம் கட்டினேன்" என்று ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை. மெயின் டைனிங் ரூம் சாப்பாடு டிக்கெட் விலைக்குள் அடக்கம். விலைக்குள் அடங்கிய ஒன்றைத் துணியைக் காட்டி மறுக்கும்போது, அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

ஒரு பயணத்தில் ஈரோட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. மகனும் மருமகளும் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள், பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஃபார்மல் இரவில் அந்தப் பெரியவர் அகலச் சரிகைக் கரை வைத்த பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் மடித்துப் போட்ட அங்கவஸ்திரமுமாக வந்தார். அன்று அந்த அறையில் அவரைவிட நன்றாக உடுத்தியிருந்தவர் யாரும் இல்லை. வாசலில் நின்ற பணியாளர் தாளைப் பார்த்தார். ஆண்களுக்கு முழுநீளக் கால்சட்டை என்று இருந்தது. தாளில் இருந்ததைச் சொன்னார். தமிழ் தெரிந்தவன் என்று என்னை அழைத்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இது எம் புள்ள கல்யாணத்துக்குக் கட்டுன வேட்டிங்க. இதுக்கு மேல மருவாதியான துணி எங்கிட்ட இல்லீங்க." அவர் மனைவி பட்டுச்சேலையில் பக்கத்தில் நின்றார். சேலையை யாரும் கேள்வி கேட்கவில்லை. நான் சாப்பாட்டு அறையின் தலைமைப் பொறுப்பாளரான மேத்ர டியிடம் போய்ப் பேசினேன். அவர் நல்ல மனிதர், உடனே விடச் சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் அந்தப் பெரியவர் வரிசையில் நூறு பேர் முன்னால் ஓரமாக நிறுத்தப்பட்டிருந்தார். அடுத்த ஃபார்மல் இரவில் அவர் பஃபேக்குப் போனார் என்று பிறகு தெரிந்தது.

நிறுத்திய பணியாளர் பிலிப்பைன்ஸ்காரர். அவர் ஊரில் மிக உயர்ந்த விழாவுக்கு ஆண்கள் அணிவது பாரோங் தகாலோக். அன்னாசி நாரில் நெய்த மெல்லிய மேல்சட்டை, அதை உள்ளே செருகாமல் வெளியே விட்டு அணிவார்கள். 1953-இல் ரமோன் மக்சேசே அதை அணிந்துதான் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். நீங்கள் எழுதிய விதியை எழுத்துக்கு எழுத்து பார்த்தால், அந்தப் பணியாளரின் நாட்டுத் தலைவரும் கோட்டு இல்லாத காரணத்தால் வெளியே நிற்க வேண்டியதுதான். மலேசியாவில் நீளக்கை பாத்திக் சட்டை அரசு விழாக்களுக்கு உரிய உடை. கியூபா 2010-இல் குவாயபேரா சட்டையைத் தன் அரசு நிகழ்ச்சிகளின் முறையான உடையாக அறிவித்தது. ஸ்காட்லாந்துக்காரர் கட்டும் பாவாடை போன்ற கில்ட்டை மட்டும் எந்த வாசலிலும் யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை, அதுவும் முழங்காலோடு முடிகிற உடைதான். கில்ட்டுக்கு ஒரு பார்வையும் வேட்டிக்கு ஒரு பார்வையும் இருந்ததென்றால் அதற்குக் காரணம் வாசலில் நின்ற பையனின் மனசு கிடையாது, அவன் கையில் கொடுத்த தாள்.

இது எங்கள் ஊரிலேயே நடந்த கதைதான் என்பதையும் சொல்ல வேண்டும். 2014 ஜூலையில் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. ஹரிபரந்தாமன் வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக வாசலிலேயே நிறுத்தப்பட்டார். வெள்ளைக்காரன் காலத்துக் கிளப் விதிகளை அவன் போய் இத்தனை ஆண்டு ஆன பிறகும் எடுக்காமல் வைத்திருந்தோம். சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கொதித்தன. அந்த ஆகஸ்டிலேயே சட்டம் வந்தது: வேட்டியையோ வேறு இந்திய மரபு உடையையோ காரணம் காட்டிப் பொது இடத்தில் எவரையும் தடுக்கக் கூடாது, மீறினால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும், உரிமம் ரத்தும்கூட. அன்றைக்குக் கப்பலில் இருந்த தமிழ்ப் பையன்கள் எல்லோரும் பணியாளர்கள் சாப்பிடும் குரூ மெஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் செய்தியைத்தான் பேசினோம்.

அந்தச் சட்டம் உங்கள் கப்பலுக்கு வராது. உங்கள் கப்பல்கள் பஹாமாஸிலும் பனாமாவிலும் மால்டாவிலும் பெர்முடாவிலும் பதிவானவை. நடுக்கடலில் அந்தந்தக் கொடியின் சட்டம்தான். அதனால் இதைச் சட்டம் காட்டிக் கேட்க முடியாது, நியாயம் காட்டித்தான் கேட்க முடியும். 2022 முதல் சென்னைத் துறைமுகத்தில் இருந்தே உல்லாசக் கப்பல் புறப்படுகிறது. சிங்கப்பூரில் இருந்து கிளம்பும் உங்கள் கப்பல்களில் இந்தியக் குடும்பங்கள் எத்தனை ஏறுகின்றன என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்திய சைவ உணவு, ஜெயின் உணவு என்று மெனுவில் இடம் கொடுத்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குக் கொடுத்த அந்த இடத்தைச் சாப்பிட வருகிறவரின் உடைக்கும் கொடுங்கள். குனார்ட் தன் காலா ஈவினிங் விதியில் தேசிய மரபு உடை ஏற்கப்படும் என்று எழுதியே வைத்திருக்கிறது. இத்தனை பழமையான, இத்தனை கண்டிப்பான ஒரு நிறுவனம் எழுத முடிகிற ஒரு வரியை மற்றவர்கள் எழுத என்ன தடை?

எழுதும்போது பெயர் சொல்லி எழுதுங்கள். "மரபு உடை" என்று மட்டும் விட்டால் வாசலில் நிற்பவனுக்கு மறுபடியும் சந்தேகம் வரும். வேட்டி, குர்தா, ஷெர்வானி, பாரோங், பாத்திக், கிமோனோ, கில்ட் என்று எழுதிப் பக்கத்தில் படமும் போடுங்கள். "தொப்பி கூடாது" என்ற வரிக்குக் கீழேயே தலைப்பாகைக்கும் ஹிஜாபுக்கும் அது பொருந்தாது என்று எழுதுங்கள். ஒரு சீக்கியப் பெரியவரிடம் அதைப் பற்றி யாராவது வாயெடுத்துக் கேட்கும் நிலையே வரக்கூடாது.

பெண்களிடம் நாங்கள் உடை விதி பேசியது மிக அபூர்வம். உங்கள் விதி ஆண்களின் உடலைத்தான் அங்குலம் அங்குலமாக அளக்கிறது: கழுத்துப் பட்டை, கை நீளம், கால் நீளம், மூடிய ஷூ. வயதானவர்களுக்குக் கால் வீங்கும், காலில் புண் உள்ள சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு மூடிய ஷூ போட முடியாது. மருத்துவர் சொன்ன செருப்போடு வருகிறவரை வாசலில் வைத்து, "உங்களுக்கு என்ன நோய்?" என்று எப்படிக் கேட்பது? விமான நிறுவனம் பெட்டியைத் தொலைத்துவிட்டதால் ஏறின உடுப்போடு சாப்பிட வருகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு எல்லாம் கப்பல் ஏறும் நாளிலேயே கேபின் எண்ணோடு ஒரு குறிப்பு டைனிங் ரூமுக்கு வந்துவிட்டால் போதும். யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் ஃபார்மல் நைட்டையே எடுத்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கக் கூடும். நான் அதைக் கேட்கவில்லை. எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். பரிமாறுகிறவனாக நின்று நான் பார்த்த இரவுகளில் அழகானவை அவைதான். திருமணமாகி ஐம்பது ஆண்டு ஆனவர்கள் ஒருவருக்கொருவர் டையையும் மாலையையும் சரிசெய்துவிட்டபடி வருவார்கள். ஆயுசு முழுக்கத் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தவர், மகள் கல்யாணத்துக்கு வாங்கின சூட்டை அன்றைக்கு இரண்டாவது முறையாக உடுத்துவார். குழந்தைகள் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இன்று என்னவோ விசேஷம் என்று கண்ணை விரித்துப் பார்ப்பார்கள். விசேஷ நாளுக்கு நல்ல துணி உடுத்துவது எங்கள் ஊரில் யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இல்லை, தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் பிறந்தது முதல் செய்வது. அந்த ஆசையோடு வருகிறவர்களின் இரவைக் கெடுக்க வேண்டாம். அதே நேரம், ஆண்டு முழுவதும் டை கட்டி அலுவலகத்தில் உட்கார்ந்தவர் ஏழு நாள் அதை மறக்க வந்திருந்தால் அவரையும் விரட்ட வேண்டாம்.

இரண்டும் ஒரே கப்பலில் முடியும். உங்கள் பெரிய கப்பல்களில் மெயின் டைனிங் ரூம் இரண்டு தளம், மூன்று தளம் என்று இருக்கிறது. எல்லாத் தளத்துக்கும் பெரும்பாலும் ஒரே சமையலறையில் இருந்துதான் சாப்பாடு வருகிறது. ஃபார்மல் இரவில் ஒரு தளத்தை உடுத்தி வருகிறவர்களுக்கென்று வையுங்கள். இன்னொரு தளத்தில் சுத்தமான எந்த உடையும் போதும் என்று விடுங்கள். இரண்டு தளத்திலும் ஒரே மெனு, ஒரே லாப்ஸ்டர், ஒரே பரிமாறல். மேசை ஒதுக்கும்போதே கேட்டுவிட்டால் எத்தனை பேர் எங்கே என்று முன்னாலேயே தெரிந்துவிடும். பந்தி பிரிப்பதும் மேசை மாற்றுவதும் எங்களுக்குத் தினசரி வேலை. இதில் செய்ய முடியாதது எதுவும் இல்லை என்று அந்த அறைகளில் மேசை போட்டவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

விதியைப் பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கத்தில் காட்டுங்கள். இத்தனை இரவுப் பயணத்தில் இத்தனை ஃபார்மல் இரவு, எது வேண்டும், எது கூடாது என்று படத்தோடு இருக்கட்டும். "ஸ்மார்ட்", "எலிகன்ட்" என்ற சொற்களை விட்டுவிட்டு உடுப்பின் பெயரை எழுதுங்கள். கிழிசல் வைத்த ஜீன்ஸ் கூடாது என்றால் அதைச் சொல்லுங்கள், முழு ஜீன்ஸ் ஆகும் என்றால் அதையும் சொல்லுங்கள். செயல்படுத்தப் போவதில்லை என்ற விதியை எழுதாதீர்கள். மேத்ர டியிடம் ரகசியமாகத் தளர்த்தச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். தளர்த்துவதானால் எழுத்தில் தளர்த்துங்கள், எல்லோருக்கும் தெரியட்டும்.

அந்த இரவில் வாசலில் கிராஜுவிட்டியை நம்பி இருக்கிறவனை நிறுத்தாதீர்கள். தோளில் பட்டை வைத்த, மாதச் சம்பளம் வாங்குகிற ஓர் அதிகாரி ஹோட்டல் டைரக்டர் அலுவலகத்தில் இருந்து வரட்டும். கதவு திறந்த முதல் அரை மணி நேரம் நின்றால் போதும். "முடியாது" என்று சொல்ல வேண்டி வந்தால் அவர் சொல்லட்டும். வெயிட்டர் "வாருங்கள்" என்று மட்டும் சொல்லட்டும், அவனை நீங்கள் வேலைக்கு எடுத்தது அதற்குத்தான். அப்படியும் உடை விஷயத்தில் மனவருத்தப்பட்டு ஒரு பயணி கிராஜுவிட்டியைத் திரும்பப் பெற்றால், அந்தத் தொகையை நிறுவனம் தன் கணக்கில் இருந்து அந்த மேசைப் பணியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் படிவத்தில் உடை பற்றிய குறையை டைனிங் ரூம் மதிப்பெண்ணில் இருந்து பிரித்து, விதி எழுதிய உங்கள் துறைக்கு நேராக அனுப்பும்படி ஒரு தனிக் கேள்வி வையுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு பயணத்திலும் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரிய வரும்.

உடுத்த விரும்பி உடுப்பு இல்லாமல் தவிப்பவர்களுக்காக வாசலுக்கு அருகே சில கோட்டுகளை, பெரிய அளவு சிறிய அளவு எல்லாமாக, இரவலாக வையுங்கள். நிலத்தில் பல பழைய உணவகங்கள் செய்கிற ஏற்பாடுதான்.

ஃபார்மல் இரவில் ஒரு முறை தலைமையகத்தில் இருந்து உங்களில் ஒருவர் வந்து, வெயிட்டர் சீருடையில், பெயர்ப் பட்டை குத்திக்கொண்டு, முதல் பந்தியில் இருந்து இரண்டாம் பந்தி உட்காரும்வரை அந்த வாசலில் நின்று பாருங்கள். அடுத்த பருவத்துக்கான விதியை அதன் பிறகு எழுதுங்கள்.

இப்படிக்கு,
மெயின் டைனிங் ரூம் வாசலில் நின்ற முன்னாள் ஹெட் வெயிட்டர்,
கன்னியாகுமரி மாவட்டம்